மனுவை யாரிடம் கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, ஆலங்காயத்து அன்பர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவர். சுண்ணாம்பிலும் நீரிலும் கிடந்து வெளுத்துப்போன விரல்கள் அவருடையவை. ஏதோ ஒரு திருட்டு வழக்கின் விசாரணைக்கென்று அவருடைய மகனை அழைத்துச் சென்று, இரண்டு நாள் வைத்திருந்து, குற்றம் ஏதும் இல்லையென்று தெரிந்தபின் அனுப்பிவிட்டார்களாம். வீடு திரும்பிய பையனால் உள்ளங்கால் ஊன்றி நடக்க முடியவில்லை. ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். எழுதினோம். நடந்ததை நாளும் நேரமும் குறித்து வரிசையாக எழுதி, அவருக்குப் படித்தும் காட்டினோம். தோளில் கிடந்த துண்டால் கண்களைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத யாருகிட்ட குடுக்கணும் ஹஸ்ரத்? அதே ஸ்டேஷன்லதானா?"

மேலதிகாரிக்கு அனுப்பலாம் என்றோம். "அவரும் திருப்பி அங்கதானே அனுப்புவாரு?" என்றார். நம்மிடம் சட்டென்று சொல்ல விடை இல்லை. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டார். அந்த மனு எங்கும் போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து அக்கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. பழைய நூல்களைப் புரட்டியபோதுதான், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை இந்நாட்டு மக்கள் கேட்டிருக்கிறார்கள் என்பதும், அரசாங்கமே நியமித்த ஒரு கமிஷன் அதைத் தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது என்பதும் தெரியவந்தன. அந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

பாராமகாலில் தொடங்கிய கதை

இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் நம் பகுதி, 1911-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர் இது பாராமகால் என்னும் சீமையின் ஒரு பகுதி. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்த நாடுகளுள் இதுவும் ஒன்று. சீமையை நிர்வகிக்க வந்த காப்டன் அலெக்சாண்டர் ரீட், திருப்பத்தூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் சென்னை கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ.

இடைத்தரகரான ஜமீன்தார் யாரும் இன்றி, ஒவ்வொரு குடியானவனிடமும் அரசாங்கமே நேரடியாக நிலவரி பெறும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்தப் பாராமகால் மண்ணில்தான். குடியானவனுக்கு நன்மை செய்யும் நோக்கத்தோடு வகுக்கப்பட்ட முறை அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஜமீன்தார் நின்ற இடத்தில் இப்போது தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் வந்து நின்றனர். ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசாங்கத்தின் கை நீண்டது.

பின்னர் 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் வந்தது. மன்றோவின் யோசனைகளை ஒட்டி எழுந்த இச்சட்டம், தாலுகாவின் போலீஸ் அதிகாரத்தையும் தாசில்தாரின் கையிலேயே கொடுத்தது. ஜில்லாவின் கலெக்டரே மாஜிஸ்டிரேட்டும் ஆனார். வரி கேட்கிறவரே கைது செய்கிறவர். கைது செய்கிறவரின் மேலதிகாரியே வரிக்கணக்கைப் பார்க்கிறவர். செலவு குறைவு, நிர்வாகம் எளிது என்பது ஆள்வோர் கண்ட நன்மை. வரி கட்ட இயலாதவனுக்கும் திருட்டுப் பட்டம் சூட்டப்பட்டவனுக்கும் அதனால் நேர்ந்தது என்ன என்பது, நாற்பது ஆண்டுகள் வரை எவராலும் முறையாக விசாரிக்கப்படவில்லை.

1855-ஆம் ஆண்டு அறிக்கை

1852-இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், குடியானவர்கள் படும் துன்பங்களை இலண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பமாக எழுதியனுப்பியது. டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு வந்து பார்த்துத் திரும்பினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இப்பொருள் விவாதிக்கப்பட்டபோது, வரிக்காகச் சித்திரவதை நடக்கிறது என்பதை அரசுத் தரப்பினர் எளிதில் ஒப்பவில்லை. ஆயினும் விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட கமிஷன் சென்னையில் அமர்ந்தது.

கமிஷன் புகார்களைக் கேட்கப்போகிறது என்ற செய்தி மாகாணமெங்கும் பரவியதும் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 பேர் கடிதம் வழியே முறையிட்டனர். ஆக 1,959 முறையீடுகள். எழுத்தறிவு அரிதாயிருந்த காலம். ரயில் வண்டி ஓடத் தொடங்காத தமிழகம். அந்நிலையில் இத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்றால், திறக்காத வாய்கள் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை உண்மையே என்று ஒப்புக்கொண்டது. அது தொகுத்துத் தரும் கொடுமைகளின் பட்டியலைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. கொளுத்தும் வெயிலில் நிறுத்துதல், உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் விடாது தடுத்தல், விரல்களைக் கிட்டி என்னும் மரக்கருவியில் வைத்து நெரித்தல், தலையைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள், முழங்காலின் மடிப்பில் செங்கல் வைத்து உட்காரச் செய்தல், தலைமுடியைக் கழுதை வாலில் கட்டுதல், கண்ணில் மிளகாய்ப் பொடி இடுதல். கிட்டி, அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையிலும் அப்படியே இடம்பெற்றன. சில அணா பாக்கிக்காகவும் இவை நிகழ்ந்தன.

வெயிலில் நின்றவர்கள்

அப்பட்டியலில் முதலில் வரும் 'வெயிலில் நிறுத்துதல்' என்பதைப் படித்ததும், மதரஸாவில் நாம் ஓதியதும் பின்னர் மாணவர்க்கு ஓதிக்கொடுத்ததுமான ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) ஷாம் நாட்டில் ஒரு வழியே செல்கையில், நிலவரிக்காகச் சில குடியானவர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டுத் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இவ்வுலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததைத் தாம் கேட்டதாக அங்கேயே சாட்சி கூறினார்கள். அதோடு நில்லாமல் அப்பகுதியின் ஆளுநரிடமே சென்று எடுத்துரைக்க, அவர் அம்மக்களை விடுவிக்க உத்தரவிட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அக்குடியானவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதே. வதைபடுகிறவன் எம்மதத்தான் என்று பார்க்காமல் வாய் திறந்தார்கள் அந்தத் தோழர்.

ஹிஜ்ரி 182-இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில், வரிக்காக எவரையும் அடிக்கலாகாது, வெயிலில் நிறுத்தலாகாது என்று எழுதினார்கள். அடித்தும் மிரட்டியும் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிப்பது செல்லாது என்றார்கள். கலீஃபா தாமே மாதத்துக்கு ஒருமுறையோ இரு மாதத்துக்கு ஒருமுறையோ அமர்ந்து, அநீதிக்கு ஆளானவர்களின் முறையீட்டை நேரில் கேட்க வேண்டும் என்றும் அறிவுரை கூறினார்கள். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் இமாம் மாவர்தீ (ரஹ்), மளாலிம் எனப்படும் முறையீட்டு மன்றத்தின் இலக்கணத்தை விரித்து எழுதுகையில், அதிகாரிகள் குடிகளுக்கு இழைக்கும் அநீதியை எவரும் புகார் கொடுக்கக் காத்திராமல் அம்மன்றம் தானாகவே விசாரிக்கலாம் என்று விதித்தார்கள். அஞ்சியவன் புகார் கொடுக்க வரமாட்டான் என்பதை அப்பெரியார்கள் அறிந்திருந்தார்கள்.

இதைச் சொல்லிப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. நூலில் நீதியை எழுதிய சமுதாயத்தின் மன்னர்களும் ஆளுநர்களும் நடைமுறையில் அதைப் பலமுறை மீறியிருக்கிறார்கள். சித்திரவதை முந்தைய ஆட்சிகளிலிருந்து தொடர்ந்து வந்த பழக்கம் என்றே 1855-ஆம் ஆண்டுக் கமிஷனும் எழுதியது. அதில் உண்மை இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். நல்ல நூல் இருந்தால் மட்டும் போதாது, அந்நூலைக் கொண்டு அதிகாரியைக் கேள்வி கேட்கும் மன்றம் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

கமிஷன் கண்ட பெருங்குறை

இப்போது நம் அன்பரின் கேள்விக்கு வருவோம். சித்திரவதை நடக்கிறது என்பதைவிடவும் தங்களை வருத்தியது வேறொன்று என்று கமிஷனர்கள் எழுதினார்கள். துன்புற்றவன் பரிகாரம் பெறுவதற்கு வழி இல்லாமையே அது. கலெக்டரை நேரில் காண வேண்டுமானால் அவர் இருக்கும் ஊருக்குப் பயணம் போக வேண்டும். கூலியும் போகும், நாளும் போகும். மனுவாக எழுதி அனுப்பினாலோ, தாசில்தாரிடம் சொல்லிக்கொள் என்ற குறிப்போடு அது திரும்பி வரும். அந்தத் தாசில்தார் யார்? தாமாகவோ தம் சேவகரைக் கொண்டோ அவனை அடித்தவர்!

நான்காக மடித்த தாளோடு நம் முன் நின்ற அந்தத் தொழிலாளியின் கேள்வியும் இதுவேயன்றோ?

அறிக்கைக்கும் குறை உண்டு. கீழ்நிலைச் சுதேசி ஊழியர்மீதே பழியைச் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளை அது பெரும்பாலும் விடுவித்துவிட்டது. வரிவசூல் குறைந்தால் யார் கடிந்துகொள்வார்கள், கூடினால் யார் மெச்சுவார்கள் என்பதை அது ஆழமாகக் கேட்கவில்லை. இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதிய கார்ல் மார்க்ஸ், பரிகாரம் கிடைக்காத இந்நிலையைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

சீர்திருத்தமும் எஞ்சிய குறையும்

அறிக்கை வீண்போகவில்லை. வருவாயையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான முடிவு. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் இலாகா அமைந்தது. தாசில்தாரின் கையிலிருந்து லத்தி வாங்கப்பட்டது. 1861-இல் பிற மாகாணங்களுக்கும் பொதுவான போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளலாகாது என்ற விதி அதே ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பெயர் தெரியாத அந்த 1,959 பேரின் கண்ணீருக்கும் இவ்விதியில் ஒரு பங்கு உண்டு. 1896-இல் வேலூரில் போலீஸ் பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது.

ஆனால் பிரித்தது ஒரு பாதிதான். புதிய இலாகாவின் ஊழியர் தவறு செய்தால் விசாரிப்பவர் யார் என்ற கேள்விக்கு, அதே இலாகாவின் மேலதிகாரி என்பதே விடையாக நின்றது. 1902-இல் அமைந்த பிரேசர் கமிஷன், போலீஸ் துறை ஊழலுக்கும் கொடுமைக்கும் பேர்போனதாக மக்கள் கருதுகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. நாடு விடுதலை பெற்றது, சட்டம் மாறவில்லை. நெருக்கடி நிலைக்குப் பின் 1977-இல் தர்ம வீரா தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன் 1981 வரை எட்டு அறிக்கைகள் தந்தது. அவை நெடுங்காலம் அலமாரியில் இருந்தன.

கதவைத் தட்டியது உச்ச நீதிமன்றம். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில், கைதின்போது பின்பற்ற வேண்டிய பதினொரு விதிகளை அது வகுத்தது. கைது செய்பவர் தம் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தரவேண்டும். காவலில் இருப்பவரை 48 மணிக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பர் 22-இல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ்மீதான புகாரை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையங்கள் வேண்டும், அவற்றுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் மாநிலப் புகார் ஆணையத்துக்கு யாரைத் தலைவராக்கியது? உள்துறைச் செயலாளரை. மாவட்ட ஆணையத்துக்கு? கலெக்டரை. உடன் அமர்பவர்? மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு. ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அங்கு இடம் வைக்கப்படவில்லை. இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 1855-இல் மனு கலெக்டரிடம் போய்த் தாசில்தாரிடம் திரும்பி வந்தது. 158 ஆண்டுகள் கழித்து எழுதிய சட்டமும் மனுவைக் கலெக்டரிடமும் சூப்பிரண்டிடமுமே கொண்டுபோய் நிறுத்தியது. அவ்வதிகாரிகளுள் நேர்மையாளர் பலர் உண்டு. எனினும், தம் கீழ் உள்ளவர்மீது தாமே தீர்ப்புச் சொல்லும் நிலையில் எவரை வைத்தாலும் அவருக்கும் அது சோதனை, முறையிடுபவருக்கும் அது அச்சம்.

வாச்சாத்தி

வேறொரு கையிடம் முறையீடு போய்ச் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் அண்டையிலேயே சான்று இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் அரூர். அதன் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர். நம் ஜவ்வாது மலையில் வாழ்வோரைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 269 அரசு ஊழியர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். 155 பேர் வனத்துறையினர், 108 பேர் போலீசார், 6 பேர் வருவாய்த் துறையினர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர், 18 பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். 1859-இல் பிரித்த கைகள் அன்று மீண்டும் ஒன்றாய்க் கூடி ஓர் ஊரின்மீது விழுந்தன.

உள்ளூரில் அவர்கள் முறையீட்டுக்குச் செவி கிடைக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் நீதிமன்றத்தை நாடினார்கள். 1995-இல் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்றது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டோருள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும், ஒருவர் விடாமல், குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 126 வனத்துறையினர், 84 போலீசார், 5 வருவாய்த் துறையினர். அவர்களுள் 17 பேர் பாலியல் கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023 மார்ச்சில் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள்! இதை நீதி என்று மகிழ்வதா, தாமதம் என்று வருந்துவதா? இரண்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர், சொன்ன சாட்சியத்தை மாற்றாமல் முப்பத்தொரு ஆண்டு நின்றார்கள். 1855-இல் கமிஷன் தப்பவிட்ட மேலதிகாரிகளையும் 2023-இல் நீதிமன்றம் பொறுப்பாளிகளாகப் பெயரிட்டது. அந்தப் பெண்களின் உறுதி இன்றேல் அது நடந்திராது.

ஆம்பூரின் பாடம்

நம் தோல் சீமையிலும் ஒரு புண் உண்டு. 2015 ஜூன் மாதம், ஆம்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் காணாமற்போன பெண்ணொருவரைப் பற்றிய வழக்கில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பின்னர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஜூன் 26-இல் சென்னையில் உயிரிழந்தார். காவலில் தாக்கப்பட்டதே காரணம் என்று உறவினர் குற்றஞ்சாட்டினர். மறுநாள் இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது. கல் வீசப்பட்டது, வாகனங்களும் கடைகளும் தீக்கிரையாயின, போலீசார் பலர் காயமுற்றனர்.  நூற்றுக்கு மேற்பட்ட நம் பிள்ளைகள் வழக்கில் சிக்கினர். அக்கலவர வழக்கின் தீர்ப்பு பத்தாண்டு கழித்து 2025-இல்தான் வந்தது.

அன்று நடந்த வன்செயலை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஓர் உயிருக்காகக் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி, அந்தத் தீயின் புகையில் மறைந்துபோயிற்று. இளைஞரின் இறப்பைப் பற்றிப் பேசியவர்களைவிடக் கலவரத்தைப் பற்றிப் பேசியவர்களே மிகுந்தனர். கல்லை எடுத்த கை மனுவை எடுத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். ஆனால் மனுவைக் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கையை அந்தக் கைக்கு யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

போலீசாரிடத்தும் நமக்குக் கடமை உண்டு. இரவும் பகலும் நின்று, பண்டிகைக்கும் விடுப்பின்றி, மேலதிகாரியின் ஏச்சையும் மக்களின் வெறுப்பையும் ஒருங்கே சுமக்கும் காவலரின் வாழ்வு எளிதன்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்குண்டு மாண்ட கொடுமையில், அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை விசாரணைக்கு வந்த மாஜிஸ்டிரேட்டிடம் அஞ்சாமல் எடுத்துரைத்தார். சாட்சியங்கள் அழிந்துவிடாதபடி அந்நிலையத்தை வருவாய்த் துறையினர் தம் பொறுப்பில் எடுக்கவேண்டும் என்று மதுரை அமர்வு உத்தரவிட நேர்ந்தது. வருவாய்த் துறையிடமிருந்து மக்களைக் காக்க 1859-இல் போலீஸைப் பிரித்தார்கள். 2020-இல் போலீஸ் நிலையத்தைக் காக்க வருவாய்த் துறையை அனுப்பினார்கள். எந்தத் துறை நல்லது, எந்தத் துறை தீயது என்ற வழக்கன்று இது. எந்தக் கையையும் மற்றொரு கை கேள்வி கேட்கும் நிலை இருந்தால்தான் மக்களுக்குப் பாதுகாப்பு. அந்தப் பெண் காவலரைப் போன்றவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

புகாரை விசாரிக்கும் ஆணையம் நீதிபதிகளின் தலைமையில், போலீஸுக்கும் கலெக்டருக்கும் வெளியே இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் விளக்கும் கேட்கும் நாம், இதையும் கேட்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கென்று கேட்கும் சலுகையன்று. வாச்சாத்திப் பெண்ணுக்கும் ஆம்பூர் இளைஞருக்கும் சாத்தான்குளத்து வணிகருக்கும் பொதுவான உரிமை.

அது கைகூடும் வரை, உள்ள வாசல்களை நாம் அறிந்திருக்க வேண்டும். கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம் தந்த உரிமை. அம்மாஜிஸ்டிரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லலாம். 1997-இல் அமைந்த மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஒவ்வொரு ஜமாஅத்திலும், மனு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் சட்டம் படித்தவர் ஒருவரும் இதற்கென்று இருப்பது நலம். நாளும் நேரமும் குறித்து எழுதுக. மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறுக. மனுவின் படியைக் கையில் வைத்துக்கொள்க. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. இவையெல்லாம் சிறு காரியங்களாகத் தோன்றலாம். 1855-இல் 1,440 பேர் செய்ததும் இச்சிறு காரியமே. அவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான். அவர்கள் எழுதியதால் ஒரு சட்டம் பிறந்தது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அந்த அன்பரைத் தேடிச் சென்று பார்த்தோம். மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறானாம். "அந்தக் காகிதம் என்ன ஆச்சு பாய்?" என்று கேட்டோம். உள்ளே சென்று, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலிருந்து எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, மையும் மங்கியிருந்தது. "தூக்கிப் போட மனசு வரல ஹஸ்ரத்" என்றார்.

அவரிடம் நாம் அன்று சொல்லத் தவறியதை இம்முறை சொன்னோம். தாளை வாங்கி வந்திருக்கிறோம். நாளைக் காலை புதிதாக நான்கு படிகள் எழுதப் போகிறோம். ஒன்று மனித உரிமை ஆணையத்துக்கு, ஒன்று மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்துக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று நமக்கு. காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அவர்கள் அதைத் திருப்பியும் விடலாம். திருப்பினாலும், இன்ன நாளில் இன்ன ஊரில் ஒரு தகப்பன் முறையிட்டான் என்பது ஓரிடத்தில் பதிவாகி இருக்கும். அநீதிக்கு ஆளானவனின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையே திரை இல்லை என்பது நாம் ஓதிய பாடம். மனிதர் அமைத்த மன்றங்களுக்கும் அவனுக்கும் இடையே உள்ள திரைகளை விலக்குவது நம் பொறுப்பு. அதற்கான உறுதியை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.